விட்டம் கட்சியும் பிட்ச் கட்சியும்

மாடல் விமானம் விடுகிறவரிடம் விமானத்தைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். பேட்டரியைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம். ப்ரொபெல்லரைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். தாம்பரத்திலிருந்து பீச்சுக்குக் கடைசி ரயிலும் போய்விடும்.

நல்லவேளையாக யாரும் கேட்பதில்லை. அக்கம்பக்கத்தில் வருகிற கேள்விகள் மூன்றே: எவ்வளவு தூரம் போகும், கேமரா இருக்கிறதா, என்ன விலை. மூக்கில் மாட்டியிருக்கும் அந்த பிளாஸ்டிக் துண்டை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சாமான். அதற்கு என்ன மரியாதை? ஆனால் பல ஆயிரம் ரூபாய் சமாச்சாரம் வானத்தில் இருக்குமா, வேலிக்காத்தானில் இருக்குமா என்று தீர்மானிப்பது அந்த நூறு ரூபாய்தான்.

அதன் முதுகில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். உதாரணமாக 9×4.7. வாயால் சொல்லும்போது ‘ஒன்பதுக்கு நாலு புள்ளி ஏழு’. முதல் எண் விட்டம், அங்குலக் கணக்கில். இரண்டாவது எண் பிட்ச்: காற்றில் கொஞ்சமும் வழுக்காமல் திருகிக்கொண்டு போனால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. ஷேர் ஆட்டோவின் கியர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட்ச் குறைவென்றால் ஃபர்ஸ்ட் கியர். தாம்பரம் மேம்பாலத்தில் பத்துப் பேரோடு ஏறும், ஆனால் வேகம் எடுக்காது. பிட்ச் அதிகமென்றால் டாப் கியர். நகர்ந்துவிட்டால் பறக்கும், நகர்வதற்குள் என்ஜின் செத்துவிடும்.

இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சிகள். விட்டம் கட்சியின் தலைவர் ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், மேற்குத் தாம்பரம். “ப்ராப் பெருசா இருந்தா போதும் சார், மத்ததெல்லாம் தானா நடக்கும்” என்பது அவருடைய தேர்தல் அறிக்கை. பிட்ச் கட்சிக்குத் தலைவர் ஒரு முன்னாள் வங்கி மேனேஜர், ராஜகீழ்ப்பாக்கம். வேகமில்லாத விமானத்தை அவர் விமானமாகவே மதிப்பதில்லை, பட்டம் என்பார். நான் சேலையூர். வாட் மீட்டர் கட்சி. அதில் தலைவர், பொருளாளர், கொடி பிடிக்கிற தொண்டன் எல்லாம் நானேதான்.

மாநாடு நடப்பது செங்கல்பட்டு தாண்டி ஒரு வறண்ட ஏரியில். தாம்பரத்தை விட்டு அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். வடக்கே மீனம்பாக்கம் விமான நிலையம். கிழக்குத் தாம்பரத்தில் விமானப்படைத் தளம். 2021-ஆம் வருஷத்து ட்ரோன் விதிகளின்படி இயங்குகிற விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிடக் கூடாது. 8-க்கும் 12-க்கும் நடுவில் 200 அடி உயரம் வரைதான். காம்பஸ் வைத்து இரண்டு வட்டம் போட்டுப் பாருங்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர் எல்லாம் உள்ளே அடங்கிவிடும். இன்னும் தெற்கே போனால் வண்டலூரில் மிருகக்காட்சிசாலை, அதற்கும் அப்பால் வேடந்தாங்கலில் பறவைகள், கடலோரமாகப் போனால் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் தடையில்லாத பச்சை நிறம் தேடி நாங்கள் அலைந்த அலைச்சலில், வீட்டுமனை தேடியிருந்தால் நாலு பிளாட் வாங்கியிருக்கலாம்.

இத்தனைக்கும் ப்ரொபெல்லர் விஷயத்தில் எங்கள் பக்கத்துக்குப் பரம்பரைப் பெருமை உண்டு. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி’ஏஞ்செலிஸ் என்ற கார்சிகாக்காரர், 1910-இல் தானே வரைந்த ஒரு விமானத்தை சிம்சன் கம்பெனியில் கட்டச் சொல்லி, அதைப் பல்லாவரத்தில்தான் சோதித்துப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குப் பறந்து காட்டினார். ஹோட்டல்காரர் அல்லவா, கல்லாவை மறக்கவில்லை. அந்த சிம்சனிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெரு. 110 வருஷத்துக்கு மேல் ஆகியும் மெட்ராஸ்காரன் விமானச் சாமானுக்கு அதே சுற்றுவட்டாரத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறான். டிக்கெட் போடுவதுதான் நின்றுவிட்டது. எங்கள் விமானத்தைப் பார்க்க நாங்கள்தான் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறோம்.

அடுத்த பெருமை குரோம்பேட்டை எம்.ஐ.டி. அப்துல் கலாம் அங்கே ஏரோநாட்டிக்ஸ் படித்தபோது, தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கச் சொல்லி ஐந்து மாணவர்களிடம் வேலை கொடுத்தார்கள். வேலை சுணங்கியதும், மூன்றே நாளில் முடிக்காவிட்டால் ஸ்காலர்ஷிப் கிடையாது என்று டைரக்டர் சீனிவாசன் சொன்ன கதை ஊரறிந்தது. கலாம் சுயசரிதையில் அதோடு இன்னொன்றும் எழுதியிருக்கிறார். காற்றியக்க வடிவமைப்பு அவருடைய பொறுப்பு. உந்துவிசை, கட்டுமானம், கட்டுப்பாடு, கருவிகள் எல்லாம் மற்ற நால்வருக்கு. கலாமைத் தெரியும், சீனிவாசனைத் தெரியும். உந்துவிசைக்காரர் யார்? மேடையில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? விமானத்தை முன்னால் தள்ளுகிறவனுக்கு அன்றைக்கும் இதே கதிதான்.

அதே எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித் குமாரை ஆலோசகராக வைத்துக்கொண்டு 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது. அஜித்தே ரிமோட் விமானம் விடுகிறவர் என்று பேப்பரில் வந்த பிறகு, “இந்த வயசுல என்ன சார் பொம்மை?” என்று கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, “அவருக்கு உங்களைத் தெரியுமா?” என்று கேட்க ஆரம்பித்தார்.

கடைக்கு வருவோம். ரிச்சி தெருவில் மாணவர்களுக்கென்றே ஒரு ‘காம்போ’ உண்டு. 1000 கே.வி. மோட்டார், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த 30 ஆம்பியர் இ.எஸ்.சி., 10×4.5 ப்ரொபெல்லர் ஒரு ஜோடி. கே.வி. என்றால் கிலோவோல்ட் இல்லை. பாரம் இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு. மூன்று செல் லிப்போ பேட்டரி 11.1 வோல்ட், ஆக வெறும் மோட்டார் 11,100 சுற்று சுற்றும். ப்ரொபெல்லரை மாட்டினால் அதில் முக்கால் பங்கு தேறினால் அதிகம்.

இந்த 10×4.5 உண்மையில் நாலு விசிறி ட்ரோனுக்கானது. ஜோடியாக விற்பதும் அதனால்தான். ஒன்று வலமாகச் சுற்றும், ஒன்று இடமாக. ட்ரோன் பாதித் த்ராட்டிலில் அந்தரத்தில் நிற்கிற பிராணி, மோட்டாருக்கு ஓய்வு கிடைக்கும். எங்கள் ஆட்களுக்குப் பாதித் த்ராட்டில் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தவிர, இந்த ‘ஸ்லோ ஃப்ளையர்’ ரகம் மெல்லிய இறக்கை. 65,000-ஐ விட்டத்தால் வகுத்தால் வருகிற சுற்றுக்கு மேல் போகக் கூடாது என்பது ஏ.பி.சி. கம்பெனி இந்த ரகத்துக்குப் போட்டிருக்கும் வரம்பு. பத்து அங்குலத்துக்கு 6,500. இதையெல்லாம் கடையில் கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான்:

“எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்.”

இந்த வாக்கியத்தை நம்பி வாங்கிய ஒரு ஃபைனல் இயர் பையன் எங்கள் ஏரிக்கு வந்தான். பல்லாவரம் முதல் படூர் வரை ஏரோநாட்டிக்ஸ் சொல்லிக்கொடுக்காத கல்லூரி குறைவு. ப்ராஜெக்ட் சீசனில் எங்கள் மரத்தடி ஒரு எக்ஸ்டென்ஷன் சென்டர். சன்போர்டில் அழகாக வெட்டி ஹாட் க்ளூவில் ஒட்டிய விமானம். மோட்டார் மட்டும் 1000 கே.வி. இல்லை, 2200. “பவர் ஜாஸ்தி அங்கிள், இதுவும் அதே விலைதான்” என்றான். அதில் மாட்டியிருந்தது பத்து அங்குல ப்ரொபெல்லர்.

2200 கே.வி. மோட்டாருக்கு ஆறு அங்குலம் போதும். சுற்று வேகம் மாறாமல் இருந்தால் ப்ரொபெல்லர் தின்கிற சக்தி விட்டத்தின் நாலாவது அடுக்கில் ஏறும். பிட்ச் ஏறுவதற்குச் சும்மா ஒற்றை அடுக்குதான். ஒன்பதிலிருந்து பத்து அங்குலத்துக்குப் போனாலே ஒன்றரை மடங்கு. ஆறிலிருந்து பத்துக்கு என்ன ஆகும் என்று நான் தரையில் குச்சியால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் த்ராட்டிலை ஏற்றினான். இ.எஸ்.சி.யே விடையைச் சொல்லிவிட்டது. முதலில் ஒரு மணம். அப்புறம் வெள்ளையாக மெல்லிய புகை. விமானம் தரையை விட்டு எழவில்லை, புகை எழுந்தது. “ஃப்ளைட் டெஸ்ட்னு ரிப்போர்ட்ல போட்டுக்கலாமா அங்கிள்?” என்றான். தைரியமான பையன், நன்றாக வருவான்.

விட்டம் கட்சியின் வீழ்ச்சி வேறு மாதிரி. ரயில்வேக்காரர் ஒரு தடவை இரண்டு செல் பேட்டரியில் 11×3.8 மாட்டிக்கொண்டு வந்தார். மோட்டார் சூடாகவில்லை, அளவு தப்பில்லை. வீட்டில் தராசில் வைத்துப் பார்த்ததில் இழுவை ஏராளம் என்றார். காலையில் அற்புதமாகப் பறந்தது. இட்லி, டீ எல்லாம் முடிந்து பதினொன்றரைக்கு மறுபடி விட்டபோது கடல்காற்று இறங்கிவிட்டது. கிழக்கே திருப்பினார். விமானம் நின்றுவிட்டது. விழவில்லை; ஆகாயத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இன்னா சார், அங்கியே நின்னுக்குது? கயிறு கட்டிகீறீங்களா?”

கணக்கு இதுதான். நிமிடத்துக்கு 5,200 சுற்று, சுற்றுக்கு 3.8 அங்குலம், பெருக்கினால் மணிக்கு 30 கிலோமீட்டர். வழுக்கல் போக அதிலும் குறையும். எதிர்க்காற்று 25-ஐத் தொட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? தராசு காட்டுவது விமானம் நிற்கும்போது உள்ள இழுவையை. பறக்கும்போது என்ன ஆகும் என்பது தராசுக்குத் தெரியாது. ரயில்வேக்காரர் மட்டும் கலங்கவில்லை. “சிக்னல் இல்லை, அதான் அவுட்டர்ல நிக்குது” என்றார்.

பிட்ச் கட்சி கைகொட்டிச் சிரித்தது. அடுத்த வாரமே மேனேஜர் 8×8 மாட்டிக்கொண்டு வந்தார். விட்டமும் பிட்ச்சும் சமமானால் தொடக்கத்தில் இறக்கை காற்றைப் பிடிக்காது. கோணம் அதிகமாகிக் காற்று பிய்த்துக்கொண்டு போகும். சத்தம் மட்டும் பிரமாதமாக வரும். கையால் வீசினார். சத்தத்தோடு போய் சத்தத்தோடு வேலிக்காத்தானில் உட்கார்ந்தது. “இன்னும் கொஞ்சம் ஸ்பீடு கிடைச்சிருந்தா எடுத்திருக்கும்” என்றார். அதுதானே சார் கிடைக்கவில்லை?

ரைட் சகோதரர்களும் இதே சண்டையைப் போட்டவர்கள்தான். கப்பல்காரர்களிடம் ப்ரொபெல்லருக்குச் சூத்திரம் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம் என்று புத்தகங்களைப் புரட்டினார்கள். ஒன்றும் உருப்படியாக இல்லை. அப்புறம் அது திருகு இல்லை, சுழன்றுகொண்டே பறக்கிற இறக்கை என்று அவர்களாகவே கண்டுகொண்டார்கள். அதற்கு நடுவில் மணிக்கணக்கான வாதம். முடிவில் பார்த்தால் அண்ணன் தம்பியின் கட்சிக்கும் தம்பி அண்ணனின் கட்சிக்கும் மாறியிருப்பார்களாம். அப்படிச் சண்டை போட்டு மரத்தில் கையால் இழைத்த எட்டரை அடி ப்ரொபெல்லர்கள், 1903-இல் சுமார் 75 சதவீதத் திறனோடு சுற்றின. எங்கள் ஏரியில் அந்த வாய்ப்பில்லை. கட்சித் தாவல் தடைச் சட்டம் கடுமையாக அமலில் இருக்கிறது.

எங்களைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள், விமானப்படையில் சார்ஜென்ட்டாக இருந்து சேலையூரிலேயே வீடு கட்டிக்கொண்ட நண்பர். தாம்பரத்தில் பயிற்றுநர் பள்ளி 1954-இலிருந்து இருக்கிறது. பைலட்டுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கே அங்கேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேம்ப் ரோட்டில் டீ குடிக்கும்போது தலைக்கு மேலே பிலாட்டஸ் பி.சி.-7 போகும். “நாலு இறக்கை. பறக்கும்போதே பிட்ச் மாறும். ஏறும்போது ஒண்ணு, போகும்போது ஒண்ணு. உங்க ரெண்டு கட்சியும் கூட்டணி ஆட்சி” என்பார் சார்ஜென்ட். எங்களுடையது அச்சில் வார்த்த பிளாஸ்டிக், மாறாது. அதனால்தான் அவர்களுக்கு ஒரே ப்ரொபெல்லர் போதும், எனக்கு ஒரு பிஸ்கட் டப்பா நிறைய.

அந்த டப்பாவைப் பற்றி வீட்டில் தனி அபிப்பிராயம் உண்டு. முக்கியமாக பாலன்ஸ் பார்க்கும் வேளையில். புது ப்ரொபெல்லரின் இரண்டு இறக்கையும் ஒரே எடை இருக்காது. அப்படியே மாட்டினால் அதிர்ந்து அதிர்ந்து மோட்டாரின் பேரிங்கை ஒழிக்கும். அதற்கு ஒரு சின்னக் கருவி இருக்கிறது. எதிரெதிரே இரண்டு காந்தம். நடுவில் ஒரு கம்பி, ஒரு முனை மட்டும் பட்டும் படாமல் ஒட்டிக்கொண்டு கிட்டத்தட்ட அந்தரத்தில் நிற்கும். கம்பியில் ப்ரொபெல்லரைக் கோத்துப் படுக்கையாக விட்டால், கனமான இறக்கை மெல்ல, மிக மெல்ல, கீழே இறங்கும். அதன் பின்பக்கத்தை நைஸ் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்து மறுபடி விட வேண்டும். இல்லாவிட்டால் லேசான இறக்கையில் ஒரு துண்டு செல்லோ டேப். எங்கே விட்டாலும் அங்கேயே நின்றால் முடிந்தது.

இதில் ஒரு நிபந்தனை: காற்றே இருக்கக் கூடாது. சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும். மே மாதம், சேலையூர், ராத்திரி ஒன்பது மணி.

“என்னங்க, காத்தாடி சரியா சுத்தறதுக்காக காத்தாடிய நிறுத்தறீங்களா?”

“அஞ்சு நிமிஷம்மா.”

“மேல சுத்தறது ரெண்டு வருஷமா ஆடிக்கிட்டு இருக்கு. அதுக்கு உப்புத்தாள் கிடையாதா?”

நியாயமான கேள்வி. அந்த ஃபேனை மாற்ற வந்த எலக்ட்ரீஷியன்தான் நான் பார்த்ததிலேயே தெளிவான ப்ரொபெல்லர் நிபுணர். அவர் மாட்டிய புது பி.எல்.டி.சி. ஃபேனும் என் விமான மோட்டாரும் ஒரே ஜாதிச் சரக்கு. பிரஷ் கிடையாது, காந்தம் பதித்த வெளி ஓடு சுற்றும். 1200 மில்லிமீட்டர் ஃபேனின் இறக்கையைக் கையில் எடுத்துக்கொண்டே என் மேஜையைப் பார்த்தார். பத்து அங்குலம் மாட்டிய மோட்டாரைத் தொட்டார்; சற்றுமுன் ஓட்டியதால் கொதித்தது. “மோட்டாரு இவ்ளோ சூடாவுதுன்னா றெக்கை பெருசு சார். ஒரு சைஸ் கம்மி போடுங்க.” அவ்வளவுதான். விட்டம், பிட்ச், நாலாவது அடுக்கு எதுவும் இல்லை. இரண்டு கட்சிகளும் வருஷக்கணக்கில் பேசியும் வராத தீர்ப்பு ஏணியில் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டது.

நான் மீட்டரை வைத்துச் சொல்வதும் அதுவேதான். பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் நடுவில் வாட் மீட்டரைச் செருகி, விமானத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, ப்ரொபெல்லரின் வீச்சில் யார் கையும் இல்லாமல் பார்த்து, சில நொடி முழுத் த்ராட்டில். என் 1000 கே.வி. மோட்டார் மூன்று செல்லில் பத்து அங்குலம் போட்டால் 16 ஆம்பியரை எட்டிப் பார்க்கும், ‘ஸ்லோ ஃப்ளையர்’ அல்லாத 9×4.5 போட்டால் 12-க்குள் அடங்கும். 11 வோல்ட், 12 ஆம்பியர் என்றால் 132 வாட். நிதானமாகப் பறக்கிற பயிற்சி விமானத்துக்குக் கிலோவுக்கு 110 வாட் போதும். குட்டிக்கரணம் போட வேண்டுமென்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. வேகத்துக்கு: 8,000 சுற்று, 4.5 அங்குலம், மணிக்கு 55 கிலோமீட்டர். விமானம் 25-க்குக் கீழே போனால்தான் விழும் என்றால் இரண்டு மடங்குக்கு மேல் கையிருப்பு. கடல்காற்றுக்கும் பயமில்லை, ஆட்டுக்காரருக்கும் பயமில்லை.

ஆக, முதலில் விமானத்தின் எடையையும் அது எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதையும் பாருங்கள், அதற்கேற்ப பிட்ச். அப்புறம் மீட்டர் அனுமதிக்கிற அளவுக்கு விட்டம். ரிச்சி தெரு ‘செட் ஆகும்’ கடைசியில் வரட்டும்.

புதிதாக இறங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு கிலோவுக்கு உட்பட்ட விமானம், 1000 கே.வி., மூன்று செல் என்றால் ‘ஸ்லோ ஃப்ளையர்’ அல்லாத 9×4.5 நாலைந்து வாங்குங்கள். ஏரி மண்கட்டியில் முனை உடையாமல் இருக்காது. காற்று நாளுக்கு 8×6 ஒன்று. அது வேகம் கூட்டும், ஆம்பியர் கூட்டாது. மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் அதிலிருந்து இ.எஸ்.சி.க்குப் போகிற மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகுங்கள், கடைக்கு ஓட வேண்டாம். மேஜையில் ரிமோட்டை சரிபார்க்கும்போது ப்ரொபெல்லரைக் கழற்றி வையுங்கள். விரல் ரிச்சி தெருவில் கிடைக்காது. மாட்டும்போது எண் அச்சிட்ட பக்கம் விமானம் போகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் காற்று வரும், சத்தமும் வரும். விமானம்தான் ஒழுங்காக ஏறாது.